நான்கு மீட்டர் ஹோலுக்கு எந்த ஸ்பீக்கர்?

அத்தான் ஓய்வுபெற்று, ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்த கிழமையே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இனி நான் வீட்டோடுதான். கடைசிவரை மாற்றத் தேவையில்லாத ஒரு சோடி ஸ்பீக்கர் பார்த்துச் சொல். விலையை இரண்டாவதாகப் பார்ப்போம். மகனும் டொரோண்டோவிலிருந்து கொஞ்சம் அனுப்புவான்" என்றார். அவர் இணுவிலில் பிறந்தவர். தவிலும் நாதஸ்வரமும் காதில் விழாமல் ஒரு திருவிழாக் காலம் கழிந்திராத ஊர் அது. இப்போது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கிறார். அந்த ஊரின் ஒலியை இந்த வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு மாதம் இதற்காகக் கணக்குப் போட்டேன். இதே முடிவை எடுக்க நினைக்கும் வேறு வீடுகளும் கொழும்பில் இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஹோலின் நீளம் 4.2 மீட்டர், அகலம் 3.3, உயரம் 2.75. மூன்று பக்கம் கொங்கிரீட் சுவர், நாலாவது பக்கம் பல்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு. தரை முழுக்க டைல். ஒரு சுவரை அடைத்து இசைத்தட்டு அலுமாரி. அத்தானின் சாய்மனைக் கதிரை அலுமாரிக்கு எதிரே, ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்திலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கிறது.

சிறு தயாரிப்பாளர் என்று முதலிலேயே முடிவெடுத்ததற்கு அவருடைய பழைய ஸ்பீக்கரே காரணம். பெரிய கடையில் பெரிய பெயர் பார்த்துப் பதினொரு வருடத்துக்கு முன்னர் வாங்கியது. தாழ் ஒலி தரும் வூஃபரின் முன்சல்லடையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையத்தில் விரலை வைத்தேன். ஈரமான கரி போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மெல்ல அழுத்தியதும் கால்வட்டம் அளவுக்கு உதிர்ந்து விழுந்தது. கூம்பு நல்ல நிலையில் இருந்தது, உச்ச ஒலி தரும் ட்வீட்டர் நன்றாக வேலை செய்தது, மரப்பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. விற்ற இடத்தில் கேட்டபோது அந்த மாடல் நின்று ஏழு வருடமாகிறது, உதிரிப்பாகம் வராது என்றார்கள். பெரிய நிறுவனங்கள் இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை வரிசையை மாற்றுகின்றன. சிறு பட்டறைகள் ஒரே வடிவத்தைப் பத்து, இருபது, சில வேளை ஐம்பது வருடம்கூடச் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு தடவை மட்டுமே வாங்கப்போகிறவருக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அந்த ஃபோம் உதிர்ந்ததில் நம் காற்றுக்கும் பங்குண்டு. கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருக்கும் வீடு, வருடம் முழுக்க எழுபது எண்பது வீத ஈரப்பதம், பின்னேரமானால் உப்புக்காற்று. பொலியூரிதேன் ஃபோம் எந்த நாட்டிலும் காலப்போக்கில் சிதையும், இங்கே அது விரைந்து நடக்கும். ஆகவே யார் எதைச் சிபாரிசு செய்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, வளையம் ரப்பரா ஃபோமா என்பது. இரண்டாவது, பெட்டி பிளைவுட்டா, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.பா, எம்.டி.எஃப். என்றால் உட்புறமும் வெளிப்புறமும் வெனீர் ஒட்டி அடைக்கப்பட்டிருக்கிறதா என்பது. வெட்டிய விளிம்பு திறந்து கிடக்கும் எம்.டி.எஃப். ஈரத்தைக் குடித்து ஊதும். குளியலறைக் கதவின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, பின்னால் உள்ள இணைப்பு முனைகளுக்குத் தரமான முலாம் பூசப்பட்டிருக்கிறதா என்பது.

இந்த மூன்று கேள்விகளிலேயே பட்டியலில் பாதி விழுந்துவிட்டது. அமெரிக்காவில் ஜிம் வைனி 1969-இல் தொடங்கிய மேக்னபான் நிறுவனத்தின் தட்டையான பலகை ஸ்பீக்கர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. மெல்லிய படலத்தில் கம்பியை ஒட்டி, அந்தப் படலத்தையே அசைத்து ஒலி எழுப்பும் முறை அது. பெட்டியே இல்லாததால் பெட்டியின் ஒலியும் இல்லை. ஆனால் பசையை நம்பி நிற்கும் பொருளை உப்புக்காற்றில் வைக்க மனம் வரவில்லை. பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னே இழுத்து வைக்கவும் வேண்டும். நாலு மீட்டர் ஹோலில் ஒரு மீட்டரை ஸ்பீக்கரின் முதுகுக்குக் கொடுத்தால் மனிதர் எங்கே உட்காருவது? மெல்லிய படலத்தை மின்னழுத்தத்தால் அசைக்கும் மின்னிலை ஸ்பீக்கர்களும் இதே வழியில் போயின.

எஞ்சியவை நான்கு. இங்கிலாந்தின் சிறு பெட்டிகள், நியூயோர்க்கின் அகலப் பெட்டி, கொச்சியின் ஒற்றைக் கூம்பு, மொறட்டுவைத் தச்சர் கையால் நாமே செய்விப்பது.

அவற்றைப் பற்றிப் பேசுமுன் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாங்குகிறவர்கள் அநேகமாகத் தவறவிடும் இடம் இது. நாம் வாசிக்கும் ஸ்பீக்கர் விமர்சனங்கள் பல அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே வீடு மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்து கட்டியது. தாழ்ந்த ஒலி பட்டதும் அந்தச் சுவர் சற்று அசைந்து, கொஞ்ச ஒலியை விழுங்கிக்கொள்ளும். கீழே கம்பளமும் இருக்கும். நம் கொங்கிரீட் சுவரோ போன ஒலியை அப்படியே திருப்பி அனுப்புகிறது. அறையின் நீளத்துக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட தாழ் சுருதி சுவருக்குச் சுவர் மோதி, குடத்துக்குள் பேசுவதைப் போல ஊதிப் பெருக்கும். முப்பது பாகை வெப்பக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் முதல் குமுறல் எங்கே வரும் என்று தெரிந்துவிடும். அத்தானின் ஹோலில் நீளவாக்கில் 41 முதல் 42 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 53, தரைக்கும் கூரைக்கும் இடையில் 63. மூன்றும் அருகருகே நெருங்கி நிற்கின்றன. நல்ல ஆழமான தாழ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரை இங்கே கொண்டுவந்து வைத்தால் இந்த மூன்றையும் அது தட்டி எழுப்பும். விலை கூடக் கூடக் குமுறலும் கூடும்.

இப்போது இங்கிலாந்துக்காரர்களைப் பார்க்கலாம். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன்.

1970-களின் தொடக்கத்தில் பி.பி.சி.யின் பொறியியலாளர்களுக்கு வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களுக்குள் வைக்க ஒரு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. வாகனத்துக்குள் இடமில்லை. ஆனால் அறிவிப்பாளரின் குரல் சரியாக இருக்கிறதா என்று அதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பிறந்தது எல்.எஸ். 3/5ஏ. முப்பது சென்டிமீட்டர் உயரம், பத்தொன்பது அகலம், முற்றாக மூடிய பெட்டி. கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும் அதற்குள் இருந்தன. பெட்டிச் சுவர் மெல்லிய பேர்ச் பிளைவுட், உட்புறம் அதிர்வை அடக்கும் பட்டை. கனமான பெட்டி தன் அதிர்வைக் குரல் வாழும் இடத்தில் கொண்டுபோய் வைக்கும், மெல்லிய பெட்டியை அடக்கினால் அது கீழே போய்விடும் என்பது அவர்கள் கண்டது. வடிவத்தின் உரிமை பி.பி.சி.யிடம் இருந்தது. உரிமம் பெற்று ரொஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டர், ஹார்பெத் என்று பல சிறு நிறுவனங்கள் அதைச் செய்தன. ஒரு பட்டறை மூடினால் இன்னொன்று தொடர்ந்தது. இன்றைக்கும் கிரகாம் ஓடியோவும் ஃபால்கன் அகூஸ்டிக்ஸும் செய்கின்றன. ஃபால்கனைத் தொடங்கிய மல்கம் ஜோன்ஸ், கெஃப் நிறுவனத்தின் முதல் ஊழியர். பி110, டி27 இரண்டும் அவருடைய வடிவமைப்புகள். கெஃப் அவற்றை நிறுத்திய பின்னர் ஃபால்கன் அவற்றைத் திரும்பச் செய்து காட்டியது. உதிரிப்பாகத்துக்கு இதைவிட உறுதியான வம்சாவளி வேறெந்த ஸ்பீக்கருக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

அதே மரத்தின் இன்னொரு கிளைதான் ஹார்பெத். பி.பி.சி. ஆய்வுத் துறையில் இருந்த டட்லி ஹார்வுட் 1977-இல் தொடங்கியது. தன் பெயரின் முன்பாதியையும் மனைவி எலிசபெத்தின் பெயரின் பின்பாதியையும் சேர்த்து வைத்த பெயர். பின்னர் ஆலன் ஷோ அதைப் பொறுப்பேற்று, ரேடியல் என்ற பெயரில் சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் கூம்பை உருவாக்கினார். அவர்களுடைய மிகச் சிறிய பெட்டி பி3இஎஸ்ஆர். எல்.எஸ். 3/5ஏ அளவுதான். மூடிய பெட்டி, ரப்பர் வளையம், உணர்திறன் (கொடுக்கும் மின்வலுவுக்கு எவ்வளவு சத்தம் எழும் என்ற அளவு) 83.5 டெசிபெல், 75 ஹெர்ட்ஸில் கீழ் எல்லை.

அந்த 75 என்ற எண்ணைப் பார்த்து அத்தான் முகம் சுளித்தார். "இவ்வளவு காசுக்கு பாஸ் இல்லையா?" என்றார். மேலே போட்ட அறைக் கணக்கை எடுத்துக் காட்டினேன். 41, 53, 63. மூன்று குமுறலும் 75-க்குக் கீழே நிற்கின்றன. இந்தப் பெட்டி மெல்ல ஓயத் தொடங்கும் இடத்தில் அறை அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். மூடிய பெட்டியின் தாழ் ஒலி சரிவும் மென்மையானது. பின்னால் துளை உள்ள பெட்டிகள் தம் எல்லைக்குக் கீழே ஒரு ஒக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 24 டெசிபெல் வீதம் விழும், மூடியவை 12 வீதம் இறங்கும். பெரிய மரவீட்டில் மெலிந்து கேட்கக்கூடிய பி3, வெள்ளவத்தைக் கொங்கிரீட்டில் போதுமான உடம்போடு கேட்கும்.

லண்டனில் சித்தப்பா வீட்டில் இந்தப் பெட்டியை நான் இரண்டு இரவு கேட்டிருக்கிறேன். என்னுடைய சோதனை எப்போதும் தமிழ்ப் பேச்சுதான். கொழும்பு 1925-இலேயே வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிய நகரம். நாங்கள் உச்சரிப்பை அறிவிப்பாளர்களிடமிருந்து கற்றோம். பி. எச். அப்துல் ஹமீதின் பழைய பதிவு ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, 'ல'வும் 'ள'வும் 'ழ'வும் தனித்தனியே காதில் விழுகின்றனவா என்று பார்ப்பேன். 'ழ'வின் அடையாளம் இரண்டாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியில் மேடோ பள்ளமோ உள்ள ஸ்பீக்கரில் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடும். பி3-இல் நாக்கு மேலண்ணத்தை நோக்கி மடிவதே தெரிந்தது. குரலுக்கென்று பிறந்த குடும்பம் என்பதை அந்த ஒரு எழுத்து சொல்லிவிட்டது. எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலுக்குப் பின்னால் தம்புரா ஒரு திரையாக விரிந்து நின்றது, குரலோடு கலந்து மங்கவில்லை.

தவிலில்தான் தோற்றது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பதிவைப் போட்டேன். தவிலின் தாளச் சொற்கள் எல்லாம் தெளிவாக விழுந்தன, எந்த விரல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த அடி நெஞ்சில் விழவில்லை. கோயில் வீதியில் தவில்காரருக்குப் பத்தடி தூரத்தில் நின்றவர்களுக்கு வயிற்றில் ஏதோ ஒன்று அசையும். அது வரவில்லை. அஞ்சு அங்குலக் கூம்பு எவ்வளவு காற்றைத் தள்ள முடியுமோ அவ்வளவுதான் தள்ளும்.

தள்ளக்கூடியது எது என்று கேட்டால், நியூயோர்க் புரூக்ளினில் ஜோன் டிவோர் செய்யும் டிவோர் ஃபிடெலிட்டியின் ஓரங்குட்டான் ஓ/96. பத்து அங்குலக் காகிதக் கூம்பு, பட்டு ட்வீட்டர், ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் அகலமுள்ள முகப்பு. இக்காலத்து ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒடுங்கி உயர்ந்துகொண்டிருக்கும்போது, பழைய வானொலிப் பெட்டி போல அகன்று நிற்கிறது. உணர்திறன் பெயரிலேயே இருக்கிறது, 96 டெசிபெல். பி3-உடன் வித்தியாசம் 12.5. மூன்று டெசிபெல்லுக்கு ஒருமுறை வாட் இரட்டிப்பாகும் என்பதால், இது ஒரு வாட்டில் செய்வதை பி3 செய்ய ஏறக்குறைய 18 வாட் வேண்டும். டொரோண்டோவில் மருமகனின் நண்பர் வீட்டில் ஒரு பின்னேரம் கேட்டேன். பதினைந்து வாட்டுக்கும் குறைவான வால்வு அம்ப்ளிஃபயர். அதே தவில் பதிவு. தாளச் சொற்கட்டை முடித்துவைக்கும் முதல் தீர்மானம் விழுந்தபோது நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தோலின் இறுக்கம் கேட்டது. வலந்தலையில் விரற்கூடு பட்டு எழும் கூர்மையும் தொப்பியில் கோல் விழும் கனமும் ஒரே வாத்தியத்திலிருந்து வருகின்றன என்பது தெரிந்தது. நாதஸ்வரத்தின் சீவாளி கடிபடும் அந்தக் கணம் உறைக்காமல், மங்காமல் வந்தது.

சொந்த மனத்தைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அத்தானின் இணுவில் வீடாக இருந்தால் இன்றைக்கே சொல்லியிருப்பேன். உயர்ந்த ஓட்டுக்கூரை, நாற்சார் முற்றம், காற்று போய்வரத் திறந்த வழி. அங்கே தாழ் ஒலி வெளியேற இடமுண்டு. வெள்ளவத்தை ஹோலில் அந்தப் பத்து அங்குலம் 41 ஹெர்ட்ஸையும் 53-ஐயும் எழுப்பிவிடும். பதினெட்டு அங்குலப் பெட்டி இரண்டை மூன்றே கால் மீட்டர் சுவரில் வைத்தால் பல்கனிக் கதவுக்கு வழி இராது. கீழ்வீட்டுக் குடும்பத்தில் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது.

விலையும் உண்டு. ஓ/96 சோடி பன்னிரண்டாயிரம் டொலரைத் தாண்டும். டொலர் முந்நூறு ரூபா என்று வைத்தாலே முப்பத்தாறு இலட்சம், அதுவும் நியூயோர்க்கில். அதற்குமேல் கூலி. விமானப் பொதிக்கு நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்து வரும் கிலோ, உண்மையான எடை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கட்டணம். பொதி செய்த பெட்டி 60, 45, 80 என்றால் ஒன்றுக்கு 36 கிலோ. பொருளின் விலை, காப்புறுதி, கூலி மூன்றும் சேர்ந்த தொகையின் மேல் சுங்கத் தீர்வைகள், அவற்றுக்கும் மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதப் பெறுமதி சேர் வரி. தீர்வை விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டுமுன் ஒரு சுங்க முகவரிடம் எழுத்தில் கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள். 2022-இல் டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து முந்நூற்றறுபது வரை ஓடிய மாதங்களில் முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். சிறு தயாரிப்பாளர்கள் பலர் கட்டளை கிடைத்த பிறகே செய்யத் தொடங்குவார்கள். இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டி வரும். அந்த இடைவெளியில் நாணயம் விழுந்தால் நட்டம் வாங்குகிறவருக்கே.

கூலியும் காத்திருப்பும் குறைய வேண்டும் என்றால் கண் கொச்சிக்குப் போகும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். கட்டிடக் கலைஞரான ஜேக்கப் ஜோர்ஜ் அங்கே ரெதம் என்ற பெயரில் செய்யும் ஸ்பீக்கர்கள் உலகக் கண்காட்சிகள் வரை போனவை. நம் பக்கத்து மண்ணில், நம் காற்றைப் போன்ற காற்றில், இப்படி ஒருவர் தன் கண்ணும் காதும் சேர்த்து உழைத்திருப்பது எனக்குப் பெருமை. முறை வேறு. குரல் முதல் உச்சம் வரை ஒரே கூம்பு, ஒலியைக் கூம்புகளுக்குப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் நடுவில் இல்லை. தாழ் ஒலிக்கு மட்டும் தனி வூஃபர், அதற்குரிய அம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இதில் இரண்டு நன்மை. நாதஸ்வரம் தன் வலுவை ஆயிரம் முதல் நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரை கொட்டுகிற வாத்தியம், எல்.எஸ். 3/5ஏ போன்றவற்றில் வூஃபரிலிருந்து ட்வீட்டருக்குக் கைமாறும் இடம் மூவாயிரம். ஒற்றைக் கூம்பில் அந்தக் கைமாற்றமே இல்லை, வாத்தியம் ஒரே வாயிலிருந்து வருகிறது. தாழ் ஒலியைத் தனியே கூட்டிக் குறைக்க முடிவதால் கொங்கிரீட் குமுறலையும் ஓரளவு அடக்கலாம்.

சென்னையில் ஒரு வீட்டில் அவர்களுடைய பழைய மாடல் ஒன்றைக் கேட்டபோது வீணையின் கமகம் ஒரு நூலாக, அறாமல் வந்தது. ஆனால் தலையை ஒரு முழம் பக்கத்தில் நகர்த்தியதும் உச்ச ஒலி தேய்ந்தது. ஒற்றைக் கூம்பின் இயல்பு அது, ஒருவருக்கு ஒரு கதிரை. அத்தான் தனியே கேட்பவரல்லர். அக்கா பக்கத்தில் இருந்து புத்தகம் வாசிப்பார், ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வருவார்கள். இன்னொன்று, உள்ளே அம்ப்ளிஃபயர் இருப்பது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி கொழும்பில் எத்தனை தொலைக்காட்சிகளைத் தின்றிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சுவர் மின்சாரத்தில் செருகாத பெட்டியை இடி அப்படி நேரே தாக்காது. வெளியே தனியாக இருக்கும் அம்ப்ளிஃபயர் எரிந்தால் வேறொன்று வாங்கலாம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் அம்ப்ளிஃபயர் எரிந்தால் ஸ்பீக்கரே நின்றுவிடும். தனியே, ஒரே இடத்தில் இருந்து கேட்பவர், நல்ல மின்னல் காப்பு வைத்திருப்பவர், கொச்சிக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வரலாம். அவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

நாலாவது வழியை மொறட்டுவைக்குப் போய் விசாரித்தேன். நோர்வேயின் சியாஸ், டென்மார்க்கின் ஸ்கான்-ஸ்பீக் போன்றவர்களின் கூம்புகளை வாங்கி, வெளியிடப்பட்ட வரைபடத்தின்படி கிராஸ்ஓவர் கட்டி, பெட்டியை இங்கே செய்விப்பது. ஃபால்கன்கூட இப்படிக் கட்டிக்கொள்ள உதிரித் தொகுதிகள் விற்கிறது. பழுதுபார்ப்பு என்று வந்தால் இதற்கு நிகரில்லை. இருபது வருடத்தில் கப்பாசிட்டர் காய்ந்தால் எந்த இலக்கம் என்று கையில் வரைபடம் இருக்கிறது. கூம்பு போனால் சந்தையில் வாங்கலாம். ஹார்பெத் வூஃபர் ஹார்பெத்திடம் மட்டுமே கிடைக்கும்.

தளபாடத்துக்குப் பேர்போன ஊர், தச்சரின் கைத்திறமையில் எனக்கு ஐயமில்லை. வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்த முதிய தச்சர், "இவ்வளவு மெல்லிய பலகையா? நல்ல முதிர்ந்த பலாவில் ஒரு அங்குலம் போட்டுத் தருகிறேன், பேரப்பிள்ளை காலத்துக்கும் இருக்கும்" என்றார். அவர் அன்போடு சொன்னது, தளபாடத்துக்கு முழு உண்மை. ஆனால் முழு மரம் மழைக்காலத்தில் நார்க்குறுக்கே விரியும், வெயிலில் சுருங்கும். இரண்டு பருவத்தில் மூலை வாய் பிளந்தால் மூடிய பெட்டி மூடிய பெட்டியாக இராது. தடிப்பான பலாப் பெட்டியின் அதிர்வு குரலின் நடுவே வந்து உட்காரும். பி.பி.சி.க்காரர்கள் விரட்டிய பேய் அதுதான். பேர்ச் பிளைவுட் நல்ல தரத்தில் இங்கே கிடைப்பது அரிது. அளவீட்டு மைக் வைத்துச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால், ஆறு மாதம் பொறுமையும் இருந்தால், செலவில் பாதிக்கும் குறைவாக அருமையான பொருள் கிடைக்கும். நான் அதைச் செய்யக்கூடியவன். அறுபத்தொரு வயதில் கதிரையில் சாய்ந்து பாட்டுக் கேட்க விரும்புகிற மனிதரை ஆறு மாதம் மரத்தூளில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

ஆக, முடிவு இங்கிலாந்துப் பெட்டிகளுக்குள் வந்து நின்றது. ஃபால்கனின் எல்.எஸ். 3/5ஏயா, ஹார்பெத்தின் பி3இஎஸ்ஆரா? உதிரிப்பாக வம்சாவளியில் ஃபால்கன் முன்னால். 15 ஓம் மின்தடை என்பதால் வால்வு அம்ப்ளிஃபயருக்கும் இசைவானது. ஆண் குரலுக்கு அது தரும் ஒரு இதமான கனம் பலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் கொஞ்சம் உரக்க வைத்தால் அதன் எல்லை சீக்கிரம் வருகிறது. நாதஸ்வரக் கச்சேரியைப் பாதிச் சத்தத்தில் கேட்பவரல்லர் அத்தான். பி3 அதே அளவுப் பெட்டியில் இன்னும் சற்று உரக்க, முகம் கோணாமல் பாடும். ஹார்பெத் நாற்பது வருடத்துக்கு மேலாகத் தன் பழைய பெட்டிகளைக் கைவிடாத பட்டறை. பி3 சோடி இரண்டாயிரம் பவுணுக்கு மேல். பவுண் நானூறு ரூபா என்று போட்டால் எட்டு இலட்சத்துக்கு மேல், கூலியும் வரியும் தனி. பெட்டி ஒன்று ஆறு கிலோ சொச்சம்தான் என்பதால் கூலி பயமுறுத்தவில்லை. மிச்சப் பணத்தில் அம்பது அறுபது வாட் தரும் நேர்மையான டிரான்சிஸ்டர் அம்ப்ளிஃபயர் ஒன்று, தரைக்குத் தடித்த பாய், கண்ணாடிக் கதவுக்குப் பாரமான திரைச்சீலை. கடைசி இரண்டும் இந்த ஹோலில் எந்த ஸ்பீக்கர் மாற்றத்தையும்விடக் கூடுதலாக ஒலியைத் திருத்தும். இசைத்தட்டு அலுமாரி ஏற்கெனவே பின்சுவரில் நின்று பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

தவில் விஷயத்தை அத்தானிடம் மறைக்கவில்லை. "அந்த அடி இதில் முழுதாக வராது, அத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆடிவேலுக்குப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலடியில் போய் நின்று அதைக் கேட்டுக்கொள்வேன். வீட்டில் எனக்குத் தெட்சணாமூர்த்தியின் சொல் தெரிந்தால் போதும்" என்றார்.

போன சனிக்கிழமை திரும்பவும் மொறட்டுவைக்குப் போனோம். சாய்மனைக் கதிரையில் அத்தான் சாய்ந்திருக்கும்போது தரையிலிருந்து அவர் காது 86 சென்டிமீட்டர். ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வர, தாங்கி 62 சென்டிமீட்டர் வேண்டும். அதே முதிய தச்சரிடம் கொடுத்தோம். தாங்கிக்கு முழு மரம் தாராளமாகப் போதும். அவர் முதிர்ந்த பலாவில் ஒன்றைத் தேர்ந்து, கையால் தட்டிப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டார். இரண்டு கிழமையில் வரச் சொல்லியிருக்கிறார்.